எக்கோ போடாத இடம்

ஜூலை 7

ஜெபசெல்வி இன்றைக்கும் சண்டை பிடித்தாள். என் கதாநாயகி மிருதுளா அளவுக்கு மீறி யோசிக்கிறாளாம்.

ஜெபசெல்வி தூத்துக்குடிக்காரி. நான் சாரல்நிலா என்ற பெயரில் எழுதும் தொடர்கதையைத் தன்னுடைய யூடியூப் சேனலில் அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கிறாள். பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டுதான் பதிவு செய்வாள். அப்போதுதான் தெருச் சத்தம் விழாது. அவளுக்கு ஒரு முறை உண்டு. கதாபாத்திரம் வாய் திறந்து பேசினால் சாதாரணக் குரல், மனதுக்குள் நினைத்தால் எக்கோ. கேட்பவர்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் கேட்கிறவர்கள். எது பேச்சு, எது நினைப்பு என்று வேறு எப்படித் தெரியும்?

"அக்கா, போன வாரம் பாதிக் கதை எக்கோதான். இந்தப் பிள்ள கெணத்துக்குள்ள விழுந்துட்டாளான்னு ஒரு அம்மா கேக்காங்க. வாயத் தொறந்து எதையாவது சொன்னா என்ன? புருஷன் பக்கத்துலதான நிக்கான்?"

"சொல்ல முடிஞ்சா சொல்ல மாட்டாளா, செல்வி?"

"நல்லாருக்கே. எழுதுறது யாரு, நீங்களா அவளா?"

பாப்பா அழுகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவின் துணிகளை ஹாலில் நாற்காலி முதுகுகளில் காயப்போட்டிருக்கிறேன். பால்கனியில் தூசி. அத்தை மூக்கைச் சுளித்தார். "வெயிலு அங்க கொட்டிக் கெடக்குது. நீ வூட்டுக்குள்ள காயப்போட்டு எல்லாம் மக்கு வாசம் அடிக்குது, அம்மிணி. மூணாவது மாடிக்கு ஏதுடி தூசி?"

வருகிறது அத்தை என்றேன்.

ஜூலை 9

மழை இல்லை. துணிகள் உள்ளேதான்.

ஜூலை 11

அத்தை கோபியில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போகிறார். நாத்தனாருக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி கிளம்பினால் திரும்பி வர இரண்டு வாரமாவது ஆகும்.

நான் தாராபுரத்தில் அம்மா வீட்டிலிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் வந்தது போன மாதம்தான். பாப்பாவுக்கு ஐந்து மாதம். பால் நன்றாகக் குடிக்கிறாள், கையிலும் தொடையிலும் மடிப்பு விழுந்திருக்கிறது. கணவர் பூபதிக்குப் பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி, இருந்தாலும் வந்ததும் அவளைத் தேடுகிறார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

அறுவையைத் தீபாவளிக்கு அப்புறம் வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் வெட்கமாகிவிட்டது.

"கல்லு தீவாளி வரைக்கும் பொறுக்குமா? உனக்கென்ன கண்ணு, படிச்ச புள்ள. பகல்ல கொழந்தையப் பார்த்துட்டு இருக்கறதுல என்ன கஷ்டம்?"

ஒரு கஷ்டமும் இல்லை. மணிக்கட்டு வலிக்கிறது, அவ்வளவுதான். அதனால் பாப்பாவை நின்றுகொண்டு தூக்குவதில்லை. நான் தரையில் உட்கார்ந்தபிறகு யாராவது மடியில் போட்டால் பால் கொடுப்பேன். குளிப்பாட்டுவது அத்தை. தைலம் தேய்த்தும் வலி போகவில்லை என்று பூபதியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 13

பதினேழாம் அத்தியாயம் ஒருவழியாக முடிந்தது. ஒரே பத்தியில் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

காட்சி இதுதான். மிருதுளா கைக்குழந்தையோடு பால்கனியில் நிற்கிறாள். பக்கத்தில் கணவன் ருத்ரேஷ் செல்போனில் கிரிக்கெட் பார்க்கிறான். அவளுக்கு ஒரு நினைப்பு வருகிறது. அதைக் கேட்பவர்களுக்குக் காட்ட வேண்டும்.

'மிருதுளாவை இனம்புரியாத அச்சம் ஆட்கொண்டது' என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். இனம் நன்றாகப் புரிந்த அச்சம் அது. பிறகு, 'குழந்தை கை நழுவி விழுந்தால் என்னாகும் என்று நினைத்தாள்.' இதை எந்த அம்மாவும் நினைப்பாள், பொறுப்பானவள் என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கை நழுவுவதல்ல அவள் நினைப்பு. அடுத்து, நினைப்பையே சொல்லாமல் உடம்பை வைத்து எழுதிப் பார்த்தேன். உள்ளங்கை வியர்த்தது, பின்னால் நகர்ந்தாள், மணிக்கட்டு வலிக்கிறதென்று குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாள். படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேட்பவர்கள் தைலம் தேய்க்கச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

கடைசியில் நினைத்தாள், தோன்றியது எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, அவளையே விட்டுவிட்டேன்.

'நான் இவளைக் கீழே போட்டுவிடுவேன். தவறி அல்ல. என் கையே செய்துவிடும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது இவளை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.'

எழுதி முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அடுக்களை விளக்கைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.

இது மிருதுளாவின் நினைப்பு. தொடர்கதை என்றால் ஒரு அதிர்ச்சி வேண்டும், கேட்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அந்த இடத்தில் எக்கோ போடச் சொல்லி செல்விக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 15

காலையில் செல்வி கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு தப்பு நடந்து போச்சு. திட்டக் கூடாது. அந்தப் பால்கனி எடத்துல எக்கோ விழல."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு போட்டுக் கேட்டேன். மிருதுளாவின் குரல், சாதாரணக் குரல், பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்பதுபோல் அவ்வளவு தெளிவாக, "நான் இவளைக் கீழே போட்டுவிடுவேன்" என்கிறது. பக்கத்தில் ருத்ரேஷ். கேட்கிற யாருக்கும் அவள் அவனிடம்தான் சொல்கிறாள் என்று தோன்றும். அதோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

கீழே கருத்துகள் கொட்டிக் கிடந்தன.

'இவ தாயா பேயா? முதல்ல குழந்தையைப் பிடுங்குங்க.'

'ருத்ரேஷ் நல்லா நாலு வார்த்தை கேக்கணும்.'

'சாரல்நிலா மேம், அவன் என்ன சொன்னான்? அதைப் போடாம முடிச்சுட்டீங்களே, இது நியாயமா?'

ஒன்று மட்டும் நீளமாக இருந்தது. 'எனக்கு முதல் பையன் பொறந்தப்ப' என்று தொடங்கியது. மேலே விரிக்கவில்லை. பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரம்.

"எடுத்துட்டு எக்கோ போட்டு மறுபடி ஏத்தவாக்கா? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்" என்று செல்வி மறுபடி கூப்பிட்டாள்.

ஏத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இரு செல்வி, யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்தது.

கேட்டவர்கள் கேட்டாயிற்று. இனிமேல் மாற்றி என்ன பயன்? ஆனால் மாற்றாவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் ருத்ரேஷ் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜூலை 16

ருத்ரேஷ் சிரித்துவிட்டு, பைத்தியம், தூங்கு என்கிறான். சரியில்லை.

ருத்ரேஷ் அவளைக் கட்டிக்கொள்கிறான், கண்ணீர், மழை. இதைவிடப் பொய்யாக எழுத முடியாது.

ருத்ரேஷ் குழந்தையைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோகிறான். அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் பெண்ணை வந்து கூட்டிக்கொண்டு போங்கள், குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்கிறான். இது மட்டும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. அவன் குரல், செருப்பு மாட்டிக்கொண்டு அவள் படியிறங்குவது, எல்லாம் முன்பே எழுதி வைத்ததுபோல. படித்துப் பார்க்காமல் அழித்துவிட்டேன்.

மதியம் அடுக்களையிலிருந்து செல்வியின் குரல் கேட்டது. அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதோ எழுதுகிறேன் என்று அத்தைக்குத் தெரியும். சாரல்நிலா நான்தான் என்று தெரியாது.

"ஏனம்மிணி, இதைக் கேட்டயா? இந்தப் புள்ள பட்டுனு சொல்லிப்போட்டா."

"என்னங்கத்தை?"

"புள்ளயக் கீழ போட்டுருவனாட்ட இருக்குது, வாங்கிக்குங்கன்னு. புருசங்காரங்கிட்டயே."

"அது தப்பில்லைங்களா? பெத்தவ அப்படி நினைக்கலாமுங்களா?"

"தப்போ செரியோ, அவ சொல்லிப்போட்டா. அந்த எருமை வாயில கொழுக்கட்டையாட்ட நிக்கறான். அவன் என்ன சொன்னான்னு சொல்லறதுக்குள்ள முடிச்சுப்போட்டாங்க. இதை எழுதற கள்ளி மட்டும் என்ற கையில கெடச்சா..." கத்தியை ஆட்டினார்.

"நீங்க என்ன நினைக்கறீங்க? அவன் என்ன சொல்வான்?"

"எனக்கென்ன தெரியும்? உன்ற மாமனாரு இருந்த வரைக்கும் எதைச் சொன்னாலும் செரி செரி சோத்தப் போடும்பாரு."

ஜூலை 17

அத்தை சாயங்காலம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போயிருந்தார். பூபதி வந்து கைகால் கழுவி உட்கார்ந்தார். தோசை ஊற்றினேன்.

"மாமா, ஒரு கதைக்கு யோசனை வேணும்."

"ஷிப்மெண்ட் லேட்டானா ஆர்டர் குடுத்த பையர் என்ன திட்டுவான்னு கேளு, விடிய விடியச் சொல்றேன்."

"அதில்ல. ஒருத்தி. கைக்குழந்தைக்காரி." சொன்னேன். மிருதுளாவின் வார்த்தைகளை அப்படியே, தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இதைப் புருஷன்கிட்ட சொல்லிட்டா. அவன் என்ன சொல்வான்?"

தோசை பிட்ட கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"அவன் பேரென்ன?"

"ருத்ரேஷ்."

"ஜட்டிக் கம்பெனி பேராட்ட இருக்குது." ஒரு விள்ளலைச் சட்னியில் புரட்டினார். "மொதல்ல பால்கனிக்கு வலை அடிப்பான். புறாத் தொல்லைன்னு சொல்லி."

"எதுக்குப் புறான்னு சொல்லணும்?"

"அவளுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதில்ல."

அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டேன். கருகிவிட்டது.

"அவளுக்கு இது எப்ப இருந்து?" என்றார்.

"குழந்தை பொறந்ததுல இருந்தே."

"அம்மா வீட்ல இருந்தப்பவுமா?"

"அங்க மாடி இல்ல. அங்க கிணறு."

மிருதுளாவுக்கு அம்மா வீட்டில் கிணறு இருப்பதாக நான் எந்த அத்தியாயத்திலும் எழுதவில்லை.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல அவ?"

"சொன்னா குழந்தைய வாங்கிட்டு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பயம்."

"யாரு அனுப்புவா?"

"ருத்ரேஷ்தான்."

"அவன் அப்படிப்பட்டவனா?"

"தெரியல மாமா. இன்னும் எழுதல."

"அப்ப அப்படி எழுதாத." குரல் கொஞ்சம் உயர்ந்தது, பிறகு தணிந்தது. "அவன் லீவு போட்டுட்டு அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான். அதுவரைக்கும் அவ பக்கத்துல உக்காந்துக்குவான். ஆனா கொழந்தைய அவகிட்ட இருந்து வாங்க மாட்டான்."

"அவளே வாங்கிக்கச் சொல்றாளே?"

"வாங்கிட்டா அவ நெனச்சது நெசம்னு ஆயிருமில்ல?"

நான் அடுப்பை அணைத்தேன். அவர் கருகின தோசையையும் சேர்த்துச் சாப்பிட்டார். இன்னொன்று ஊற்றட்டுமா என்றால் வேண்டாம் என்றார், நான் மாவை எடுத்து வைத்தபிறகு ஊத்து என்றார்.

பூபதி கதைகளை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்பார் என்று எனக்குத் தெரியாது. யோசனைகள் நன்றாக இருக்கின்றன. குறித்து வைத்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வெங்காயச் சட்னி.

ஜூலை 18

வலை அடிக்க ஆட்கள் வந்தார்கள். புறாத் தொல்லை என்று பூபதி சொல்ல, "நான் ஒரு புறாவையும் காணமே" என்றார் அத்தை. "வரும்மா, சீசன்" என்றார் பூபதி.

அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'ருத்ரேஷ் நாளைக்கு லீவு சொல்லிட்டான்.'

ஜூலை 19

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சனிக்கிழமைகளில் மனநல டாக்டர் வருகிறார். என் வயதுதான் இருக்கும். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பூபதி பாப்பாவோடு வெளியே உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, டாக்டர். கதையில வர்ற ஒருத்தி" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க. அவங்களுக்கு என்ன தோணுது?"

சொன்னேன். நான் எதிர்பார்த்ததுபோல் அவர் மணியடித்து யாரையும் கூப்பிடவில்லை. ஒரு டிஷ்யூவை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த நினைப்பு வரும்போது அவங்களுக்கு எப்படி இருக்கு?"

"நடுக்கமா இருக்கு. பால்கனிப் பக்கமே போறதில்ல. குளிப்பாட்டறதில்ல. எங்க தூக்கச் சொல்லிருவாங்களோன்னு மணிக்கட்டு வலிக்குதுன்னு பொய் சொல்லிட்டு இருக்கேன். எனக்கு வலியே இல்ல, டாக்டர்."

நான் என்று வந்துவிட்டது. திருத்தப் போனேன், பிறகு விட்டுவிட்டேன்.

தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, உங்களையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா, குரல் ஏதாவது கேட்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். இல்லை, இல்லை என்றேன்.

"செய்யணும்னு ஆசை இருக்கறவங்க இப்படிப் பயந்து ஓட மாட்டாங்க, தாரணி. இது நீங்க கூப்பிடாம வர்ற நினைப்பு. பிள்ளை பெத்தவங்கள்ல நிறையப் பேருக்கு வருது. யாரும் வெளிய சொல்றதில்ல, அதனால தனக்கு மட்டும்தான்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கறாங்க. காலையில ஒருத்தங்க வந்துட்டுப் போனாங்க, அவங்களுக்குத் தண்ணித் தொட்டி." தும்மினார். "நினைப்பு வந்தா அதோட சண்டை போடாதீங்க. வரட்டும், போகட்டும். வாரம் ஒரு தடவை வாங்க, பேசலாம். பால் குடுக்கறவங்க சாப்பிடற மாத்திரை இருக்கு, எழுதறேன். மோசமாத் தெரிஞ்சா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க."

"பாப்பாவை..." என்றேன்.

"பாப்பாவை உங்ககிட்ட இருந்து யாரும் வாங்கப் போறதில்ல."

அந்த நாற்காலியில் நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கும் ஒன்று உருவிக்கொண்டார்.

வெளியே வந்தபோது பூபதியின் சட்டையில் பாப்பா கக்கியிருந்தாள். எழுந்து நின்றார்.

"மிருதுளாவுக்கு இல்ல மாமா. எனக்கு."

"தெரியும்" என்றார். "வா, காபி குடிக்கலாம்."

இத்தனை மாதங்களாக எனக்குக் காபியில் சுவையே தெரியவில்லை என்பது இன்றைக்குக் குடித்தபோதுதான் தெரிந்தது.

ஜூலை 20

பதினெட்டாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். ருத்ரேஷுக்கு வசனம் அதிகமில்லை. பக்கத்தில் உட்காருகிறான், வலையைப் பற்றிச் சொல்கிறான். மிருதுளா பேசுகிறாள். நினைப்பதையெல்லாம் வாய்விட்டுப் பேசுகிறாள், குறுக்கும் நெடுக்குமாக, சொன்னதையே திரும்பச் சொல்லி. மனதுக்குள் வைத்து எழுதியபோது வந்த அழகெல்லாம் இதில் இல்லை. பரவாயில்லை.

செல்வி படித்துவிட்டுக் கூப்பிட்டாள். வழக்கமாகப் போனை எடுத்ததுமே சண்டையை ஆரம்பிக்கிறவள், கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, உண்மையச் சொல்லிருதேன். அன்னைக்கு எக்கோ விழாமப் போகல. போட்டேன். ரெண்டு வாட்டி போட்டுக் கேட்டேன். ரெண்டு வாட்டியும் பேய்ப் படம் மாதிரி இருந்திச்சு. அந்தப் பிள்ள பேயில்லல்லா? அதான் எடுத்துட்டேன். கமெண்டப் பாத்ததும் பயந்துபோயி தப்புன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா போடச் சொல்லிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

பிறகு அந்த நீளமான கருத்தைத் தேடி விரித்தேன். அந்தம்மாவுக்குப் பயம் மாவு கிரைண்டர் மேல். மாமியார் ஊருக்குப் போனால் கிரைண்டர் இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாராம். 'இப்ப அவன் பிளஸ் டூ. தினமும் என்னோட சண்டை. சாரல்நிலா, அந்தப் பொண்ணை யாரும் திட்டாத மாதிரி எழுதும்மா' என்று முடித்திருந்தார்.

எழுதியாயிற்று அம்மா என்று பதில் போட்டேன்.

ஜூலை 21

அத்தையிடம் சொல்லிவிட்டேன். பூபதி கூட இருந்தார். எல்லாவற்றையும் கேட்டார் அத்தை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். கோபிக்குப் போகவில்லை என்பாரோ என்று பார்த்தேன். வேறு ஒன்று கேட்டார்.

"அப்ப அந்தக் கதை எழுதற கள்ளி நீதானா?"

"ஆமாங்கத்தை."

"அவன் என்ன சொல்றான்? இப்பவே சொல்லு. நான் கோபியில போயி உக்காந்துட்டு மண்டைய ஒடச்சுக்க முடியாது."

சொன்னேன். கேட்டுவிட்டு, "பொழைக்கத் தெரிஞ்சவன்" என்றார். அதற்குப் பிறகுதான் என் தலையில் கையை வைத்தார். "நான் வேணும்னா ரெண்டு நாள் கழிச்சுப் போறனே, கண்ணு."

போயிட்டு வாங்க அத்தை என்றேன். டாக்டரிடமும் கேட்டாயிற்று. பூபதி மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். கீழ்வீட்டு அக்காவின் எண் கையில் இருக்கிறது.

ஜூலை 22

அத்தையைப் பூபதி பஸ் ஏற்றிவிட்டு அப்படியே கம்பெனிக்குப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வீடு இவ்வளவு பெரியது என்று இதுவரை கவனித்ததில்லை.

ரசத்தைக் கரைத்து அடுப்பில் ஏற்றியபோதே பாப்பா விழித்துவிட்டாள். முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டாள். மடியில் எடுத்துப் போட யாருமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். தூக்கினேன். நின்றேன்.

நினைப்பு வந்தது. வராமல் இருக்குமா? சரி, வந்திருக்கிறாய், இரு என்றேன். வாசலில் சோப்பு விற்க வந்தவன்போல் கொஞ்சம் நின்றது. நான் பாப்பாவைத் தட்டிக்கொண்டு ஹாலிலிருந்து அடுக்களைக்கும் அடுக்களையிலிருந்து ஹாலுக்கும் நடந்தேன். கொதிக்கிற ரசத்தைத் தள்ளி நின்று காட்டினேன். காலண்டரைக் காட்டினேன். அவளுக்குக் காலண்டர்தான் பிடித்தது, எட்டிப் பிடித்து ஒரு தாளைக் கிழித்துவிட்டாள். அதைப் பிடுங்கி, வாயைத் துடைத்து, இன்னொரு முறை நடந்தபோது, நினைப்பு எப்போது போனதென்று எனக்குத் தெரியவில்லை.

செல்போன் இரண்டு மூன்று முறை அடித்தது. எடுக்கக் கை ஒழியவில்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. பூபதி. தலையில் ஹெல்மெட், மூச்சு வாங்குகிறது, மூன்று மாடியும் ஓடியே ஏறியிருக்கிறார்.

"போன எடுக்கறதுக்கென்ன உனக்கு?"

"மெதுவா பேசுங்க. இப்பத்தான் கண்ணை மூடினா."

என்னைப் பார்த்தார். என் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பாப்பாவைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றாமல் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்."

"ரசம் அடுப்புல இருக்கு. போட்டுச் சாப்பிடுங்க" என்றேன்.

சாப்பிட்டார். இரண்டாம் முறையும் ரசம் ஊற்றிக்கொண்டார். உப்பே போடவில்லை என்பது, அவர் கம்பெனிக்குத் திரும்பிப் போய், பாப்பாவைப் படுக்க வைத்துவிட்டு நான் தட்டு எடுத்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.